ஒரே ஒரு காலுக்கான தீர்ப்பு

எங்கள் டன்லிவி மாவட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாக, வீட்டுக்காவல் விதியை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர்கூட விசாரணையில் தோற்றதில்லை. விசாரணையே நடந்ததில்லை. அத்தனை பேரும் தாங்களாகவே ஒத்துக்கொண்டார்கள். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் எங்கள் நீதிமன்றத்தைப் பற்றிப் பொறாமையோடு பேசுவதாகக் கேள்வி. பாவம், அவர்கள் இன்னும் சாட்சிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

வீட்டுக்காவல் என்றால் சிறையில் கழிக்க வேண்டிய மிச்ச நாட்களைச் சொந்த வீட்டில் கழிப்பது. கணுக்காலில் ஒரு பட்டையைப் பூட்டிவிடுவார்கள். ஆள் எங்கே இருக்கிறான் என்று அந்தப் பட்டை வானத்தைக் கேட்டுக் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கூடவே பத்தொன்பது விதிகள். வேலையில் இருக்க வேண்டும் என்பது மூன்றாவது விதி. வாரம் ஒருமுறை அதிகாரியை நேரில் பார்த்துச் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்பது ஆறாவது. பட்டையின் சிக்னல் இருபது நிமிடத்துக்கு மேல் அறுபடக் கூடாது என்பது பதினான்காவது. எதை மீறினாலும் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீதிமன்றத்துக்கு வர வேண்டும்.

நீதிமன்றம் என்று சொல்கிறேனே தவிர, வேலை நடப்பது வெளித் தாழ்வாரத்தில்தான். அங்கே இரண்டு கழிப்பறைகளுக்கு நடுவில் காசு போட்டால் சிப்ஸ் தரும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அதன்மேல் சாய்ந்தபடி அரசு வக்கீல் லோர்னா வாண்டிவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக நீதி வழங்கிவருகிறார். கையில் அச்சடித்த படிவங்கள். பெயர், தேதி இரண்டு மட்டும் காலியாக இருக்கும். "ஒத்துக்கிறேன்" என்ற வார்த்தை ஏற்கெனவே அச்சாகியிருக்கும்.

"ஒத்துக்கிட்டா பத்து நாள் ஜெயில். திரும்ப வீட்டுக்குப் போயிடலாம். விசாரணை வேணும்னா தேதி கிடைக்கிற வரைக்கும் உள்ள இருக்கணும். தேதி கிடைக்க ஒரு மாசம் ஆகும். யோசிச்சுக்கோங்க, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

தப்பு செய்தவர்கள் யோசித்தார்கள். பத்து நாள் என்று முடிவு செய்தார்கள். தப்பு செய்யாதவர்களும் யோசித்தார்கள். அவர்களுக்கும் அதே விடைதான் வந்தது.

கடிகாரத்துக்கு ஒரு காரணம் உண்டு. நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் செவ்வாய்க்கிழமை மட்டும் பன்றித் தொடைக்கறியைத் தட்டித் தட்டி, மாவில் புரட்டிப் பொரித்து, அதில் கால்வாசி அகலம்கூட இல்லாத ஒரு பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். கூடவே, சர்க்கரையும் பாலும் ஊற்றிச் சுட்ட 'பை' என்ற பலகாரம் ஒரு துண்டு. பதினொன்றரைக்கு நீதிபதி ஹார்லன் க்ரைடர் அங்கே ஜன்னலோரம் மூன்றாவது முக்காலியில் உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டுக்குப் போனால் கறி தீர்ந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் சட்டம் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அந்தப் பன்றிதான்.

இந்த ஏற்பாடு ஆரின் ஸ்டக்கி வரும்வரை நன்றாகவே ஓடியது.

ஆரினுக்கு நாற்பத்தாறு வயது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மூன்று முறை பிடிபட்டவன். மூன்றாவது முறை அவனுடைய லாரி ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. அவன் லாரிக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்ததே அங்கேதான். முகவர் மேசையிலிருந்து எழுந்திருக்காமலே இழப்பீட்டு விண்ணப்பப் படிவத்தை அவனிடம் நீட்டினார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு சொட்டும் தொடவில்லை. சிறைவாசம் முடிந்து, வீட்டுக்காவலில் நூற்றெண்பது நாள் மிச்சம். மதியம் மூன்று மணிக்கு வாத்துக்கறி ஆலைக்குப் போவான். வரிசையில் தொங்கி வரும் வாத்துகளில் தப்பிய இறகுகளைப் பிடுங்குவான். முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவான். எங்கள் ஊரில் இவ்வளவு ஒழுங்காக வாழ்கிறவர்கள் போதகரைச் சேர்த்தாலும் நான்கு பேர் தேற மாட்டார்கள்.

அப்படிப்பட்டவன் பெயர் மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் பதினெட்டாவதாக வந்தது. 'வியாழன் காலை 9.12 முதல் 9.53 வரை, நாற்பத்தொரு நிமிடம், இருப்பிடம் தெரியவில்லை.'

அரசு கொடுத்த இலவச வக்கீல் டெஸ்ஸா பேர்ட்வெல் படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆனவள். கையில் நூற்றி நாற்பது வழக்குகள். ஒவ்வொருவருக்கும் நான்கு நிமிடம். ஆரினுடைய நான்கு நிமிடம் தாழ்வாரத்தில் தொடங்கியது.

"ஸ்டக்கி சார், நேரா விஷயத்துக்கு வரேன். பத்து நாள் தராங்க. வாங்கிக்கோங்க. நல்ல பேரம்."

"வக்கீலம்மா, பத்து நாள் உள்ள போனா ஆலையில மூணாவது நாளே பேரை அடிச்சிடுவான். வேலை போனா மூணாவது விதியை மீறினதா இன்னொரு கேஸ். அப்புறம் நூத்தெண்பது நாளும் ஜெயில்லதான். பத்து நாள்னு சொல்லி நூத்தெண்பதைத் தலையில கட்டுறீங்களே."

டெஸ்ஸா காகிதத்தைப் புரட்டினாள். "சரி, அந்த நாப்பத்தோரு நிமிஷம் எங்கதான் போனீங்க?"

"எங்கேயும் போகல. லைலைப் பார்க்கப் போனேன்."

லைல் ஹோஸ்டெட்டர்தான் ஆரினின் கண்காணிப்பு அதிகாரி. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே கூடைப்பந்து அணியில் ஆடியவர்கள். ஆரின் பந்தைக் கொடுப்பான், லைல் தவறவிடுவான்.

"அதிகாரியைப் பார்க்கவா? வியாழக்கிழமை ஆபீசுக்கா?"

"ஆமா. பழைய ஜெயிலுக்குக் கீழ நிலவறை இருக்கே, அங்க. ஒன்பது பத்துக்குப் படியிறங்கினேன். கப்பைக் கையில குடுத்தான். எனக்கு யாராவது பின்னால நின்னா வராது. அவன் பின்னால நின்னு விசில் வேற அடிச்சான். நாப்பது நிமிஷம் ஆச்சு. கடைசியில வந்துச்சு. அவனே மூடி போட்டு, கையெழுத்தும் வாங்கினான்."

டெஸ்ஸாவின் பேனா நின்றுவிட்டது. குற்றம் சாட்டிய அறிக்கையின் அடியில் பார்த்தாள். அதிகாரியின் கையெழுத்து: லைல் ஹோஸ்டெட்டர்.

"அதாவது, நீங்க எங்க இருந்தீங்கன்னு தெரியலைன்னு எழுதினவர்..."

"எனக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தார்."

அந்த நிலவறையின் சுவர்கள் இரண்டடி தடிமனுள்ள சுண்ணாம்புக்கல். கைதிகள் தப்பக் கூடாதென்று நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் கட்டியது. கைதி தப்பாத சுவரில் சிக்னலும் தப்பாது. உள்ளே போகிறவனின் பட்டை வாயடைத்துப்போகும். அவன் ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்று நீதிமன்ற மாடியிலிருக்கும் கணினி நினைக்கும். இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே ஒரு குற்றச்சாட்டை அச்சடிக்கும். லைல் வாரத்துக்கு நாற்பது கையெழுத்துப் போடுகிறவன். அவ்வளவையும் படித்தால் கையெழுத்துப் போட நேரமிருக்காது.

இதில் ஒரு சிறப்பு உண்டு. எங்கள் மாவட்டத்தில் விதிமீறல்கள் பெரும்பாலும் வியாழக்கிழமைகளில், அதுவும் அதிகாரியைப் பார்க்கப் போகும் நேரத்தில்தான் நடக்கின்றன என்பதை மாவட்ட வாரியம் இரண்டு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தது. காரணம் அறிய வெளியூரிலிருந்து ஒரு மனநல நிபுணரை அழைத்தார்கள். அதிகாரியைச் சந்திக்கப் போகும் நாளில் குற்றவாளியின் மனதில் உறங்கிக் கிடக்கும் குற்ற உணர்ச்சி கிளர்ந்து அவனைத் தப்பியோடத் தூண்டுகிறது என்று நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தார். வாரியம் எழுந்து நின்று கைதட்டியது. நிபுணர் நிலவறைக்குப் போகவில்லை. அங்கே கைபேசி எடுக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

டெஸ்ஸா சிப்ஸ் இயந்திரத்தடிக்குப் போனாள்.

"லோர்னா, ஸ்டக்கி விசாரணை கேக்கறார்."

லோர்னா சிரித்தார். பிறகு டெஸ்ஸா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார்.

"எந்த ஸ்டக்கி? ஆரினா? டேய் ஆரின், இங்க வா. உங்கம்மாவும் நானும் ஒரே சர்ச்சுல பாடினவங்க. சொல்றதைக் கேளு. வெறும் பத்து நாள். கண்ணை மூடித் திறந்தா போயிடும்."

"நான் எங்க இருந்தேன்னு லைலுக்குத் தெரியும், மேடம்."

"லைலுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

"அப்ப விசாரணை வேணும்."

"வேணும்னா தேதி வர்ற வரைக்கும் ஜெயில்ல இருக்கணும், தெரியுமில்ல?" என்று சொல்லி, வாசலில் நின்ற காவலரைப் பார்த்தார் லோர்னா.

காவலர் தலையைச் சொறிந்தார். "இடமில்லீங்க. ஒத்துக்கிட்டவங்களே தரையில படுத்துக்கிட்டிருக்காங்க."

இப்படி ஒரு சிக்கல் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டவர்கள் சிறையை நிரப்பிவிட்டதால், ஒத்துக்கொள்ளாதவனை மிரட்ட ஒரு கட்டில்கூட மிச்சமில்லை. லோர்னா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி இருபது நிமிடம்.

நீதிபதி க்ரைடரிடம் விஷயம் போனதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார், பேச நேரமிருக்காது.

"விசாரணையா? சரி, இப்பவே முடிச்சிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. சாட்சிக் கூண்டு எங்க?"

சாட்சிக் கூண்டில் கிறிஸ்துமஸ் மரத்தின் பெட்டியும் இரண்டு தொட்டிச் செடிகளும் இருந்தன. அவற்றை இறக்கிவைக்கவே நான்கு நிமிடம் ஆனது. சுருக்கெழுத்துப் பெண் தன் இயந்திரத்தின்மேல் இருந்த தூசியை ஊதினாள். அவளுக்கு மட்டும் முகமெல்லாம் மலர்ச்சி.

லைல் கூண்டில் ஏறினான். செடியிருந்த இடம் ஈரமாக இருந்ததால் நுனியில் உட்கார்ந்தான். லோர்னா அறிக்கையை அவனிடம் காட்டி, கையெழுத்து அவனுடையதுதான் என்று உறுதிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தொரு சதவீதம் நம்பினால் போதும் என்பது சட்டம். கையெழுத்தே ஐம்பது சதவீதம். மிச்சம் ஒன்றை ஆரினின் முகம் கொடுத்துவிடும்.

டெஸ்ஸா எழுந்தாள்.

"மிஸ்டர் ஹோஸ்டெட்டர், போன வியாழக்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டுக்கு ஆரின் ஸ்டக்கி எங்க இருந்தார்?"

"இருப்பிடம் தெரியவில்லை" என்று லைல் பார்த்துப் படித்தான்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"என் ஆபீஸ்ல."

"தனியாவா?"

லைல் ஆரினைப் பார்த்தான். ஆரின் கூரையைப் பார்த்தான்.

"இல்ல. ஒருத்தர் சாம்பிள் குடுத்துக்கிட்டிருந்தார்."

"யாரு?"

"ஆரின்."

"எந்த ஆரின்?"

"அதோ அந்த ஆரின்தான், வேற எந்த ஆரின்?"

"அப்ப அவர் இருப்பிடம் உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும்மா. மாவட்டத்துக்குத்தான் தெரியல."

லோர்னா எழுந்தார். "யுவர் ஆனர், அவர் ஓடிப்போனார்னு அரசு சொல்லவே இல்ல. சிக்னல் அறுந்துச்சுன்னுதான் சொல்றோம். சிக்னலை அறுபடாம வெச்சுக்கறது அவர் பொறுப்பு. விதி பதினாலு."

"ஆபீசுக்கு வரணும்னு விதி ஆறு சொல்லுதே. வந்தா பதினாலு போகுது. வராட்டா ஆறு போகுது" என்றாள் டெஸ்ஸா.

"ரெண்டுல எதை மீறணும்னு தேர்ந்தெடுக்கற உரிமையை அரசு பறிக்கல."

நீதிபதி மணியைப் பார்த்தார். பத்து ஐம்பது. "ஒரு நிமிஷம். அந்த அறையில சிக்னல் வராதுன்னு யார் சொன்னது? ஆதாரம் எங்க?"

"இறங்கிப் பார்த்தா தெரிஞ்சிடும், யுவர் ஆனர். அடுத்த கட்டடம்தானே" என்றாள் டெஸ்ஸா.

நீதிபதி யோசித்தார். மறுத்தால் இன்னொரு நாள் விசாரணை வைக்க வேண்டும், செவ்வாய்க்கிழமையாகத்தான் அமையும். "சரி, போவோம். லைல், உபரியா ஒரு பட்டை இருக்கா?"

"இருக்குங்க. ஆனா சூடான காலைச் சுத்திப் பூட்டினாத்தான் உயிர் வரும். யாராவது மாட்டிக்கணும்."

எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். லோர்னா முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்தார். டெஸ்ஸா எதிர்த்தரப்பு. காவலருக்குச் சர்க்கரை வியாதியில் கால் வீங்கியிருந்தது. லைல் சாட்சி.

நீதிபதி அங்கியை ஒதுக்கிக் காலுறையை இறக்கினார். "இந்த மாவட்டத்துல நடுநிலையான கால் என்னோடதுதான் போல. மாட்டு."

லைல் மாட்டினான். டிக் என்றது. குமாஸ்தா வெர்னா மட்டும் மாடியில் கணினிக்கு முன்னால் இருக்க, மற்ற எல்லோரும் ஊர்வலமாகப் பழைய சிறைக்குப் போய்ப் படியிறங்கினார்கள். சுருக்கெழுத்துப் பெண் இயந்திரத்தைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

நிலவறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஐந்து. சுவரில், மலைமேல் நிற்கும் ஒரு கழுகின் படம். கீழே 'உண்மை உன்னை விடுதலையாக்கும்' என்று எழுதியிருந்தது. ஆரின் உட்காரும் நாற்காலியில் நீதிபதி உட்கார்ந்தார். ஆரின் நின்றான்.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் ஆகணும், யுவர் ஆனர்."

சட்டத்தில் இதற்கு வசனம் எழுதப்படவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டியது.

"நாற்பது நிமிஷமா ஆச்சு உனக்கு?" என்று கேட்டார் நீதிபதி.

"இவன் பின்னால நின்னு விசிலடிச்சா உங்களுக்கு மட்டும் வந்திடுமா, யுவர் ஆனர்?"

"உதவி பண்ணலாம்னுதான் அடிச்சேன்" என்றான் லைல். "தண்ணி சத்தம் மாதிரி."

"நம்ம ஸ்கூல் பாட்டைடா அடிச்சே! அந்தப் பாட்டைக் கேட்டா நாம தோத்த மேட்ச்தான் ஞாபகம் வருது. அதுவும் நீ விட்ட பந்து."

"அது நீ உயரமா போட்டது."

"எந்த மேட்ச்?" நீதிபதி ஆர்வமானார். "கால் இறுதியா? நானும் பார்த்தேனே. லைல், அது நீதானா? அந்தப் பந்தை என் அத்தைகூடப் பிடிச்சிருப்பாங்க."

"இதையும் பதிவு பண்ணணுமா?" என்று சுருக்கெழுத்துப் பெண் கேட்டாள்.

"தாராளமா" என்றான் ஆரின்.

பதினொன்று பதினெட்டுக்குப் படிகளில் தடதடவென்று சத்தம். வெர்னா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் சூடாக அச்சான ஒரு தாள்.

"ஜட்ஜய்யா! நீங்க காணாமப் போயிட்டீங்க! பத்து ஐம்பத்தேழுல இருந்து உங்களைக் காணோம்!"

நீதிபதி தாளை வாங்கிப் படித்தார். 'க்ரைடர், ஹார்லன். இருப்பிடம் தெரியவில்லை. பிடியாணைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.' காதுகள் சிவந்தன.

"என்ன அக்கிரமம் இது! நான் எங்கம்மா போனேன்? இந்த நாற்காலியைவிட்டு அசையல. இத்தனை பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க. லைல் எதிர்லயே நிக்கறான், அவனைக் கேளு!"

டெஸ்ஸா சுருக்கெழுத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதியாச்சா?"

"ஒரு எழுத்து விடாம."

காலையிலிருந்து ஆரின் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த அதே வாக்கியத்தை அரசாங்கச் செலவில் வேறொருவர் சொல்லிவிட்டார். அவன் சேர்க்க எதுவும் இல்லை.

லோர்னா நீதிபதியின் பக்கம் குனிந்தார். பழக்கதோஷத்தில், "ஒத்துக்கிட்டா பத்து நாள்" என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் வேறு சொன்னார்: "யுவர் ஆனர், நிதானமா யோசிங்க. இந்த அறையில சிக்னல் வராதுன்னு தீர்ப்பு எழுதினா, ஆறு வருஷமா இதே அறையால உள்ள போன முந்நூறு பேர் நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்க எல்லாருக்கும் விசாரணை. ஒவ்வொரு செவ்வாயும்."

நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு செவ்வாயும். ஜன்னலோர மூன்றாவது முக்காலி ஒருகணம் அவர் கண்முன்னால் வந்து போயிருக்க வேண்டும்.

அங்கேயே, கழுகுக்குக் கீழே, தீர்ப்பை வாய்மொழியாகச் சொன்னார். இப்போதும் அது பதிவேட்டில் இருக்கிறது. "ஆரின் ஸ்டக்கி விதியை மீறியதாக நிரூபிக்கப்படவில்லை. குற்றச்சாட்டு தள்ளுபடி. இந்தத் தீர்ப்பு குறிப்பிட்ட அந்த வியாழக்கிழமைக்கும், குறிப்பிட்ட அந்த நாற்பத்தொரு நிமிடத்துக்கும், ஸ்டக்கியின் குறிப்பிட்ட அந்த இடது காலுக்கும் மட்டுமே பொருந்தும். இந்த அறையைப் பற்றி நீதிமன்றம் எந்தக் கருத்தும் சொல்லவில்லை."

"இது வலது கால், யுவர் ஆனர்" என்றான் ஆரின்.

"வலது காலுக்கு மட்டும்" என்று திருத்தினார் நீதிபதி.

எல்லோரும் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தபோது பதினொன்று இருபத்தெட்டு. நீதிபதி காலை நீட்டினார். "சீக்கிரம் கழட்டு."

லைல் பைகளைத் தடவினான். "சாவி கீழ மேசையில இருக்குங்க. ஆனா தனியா எடுத்துட்டு வரக் கூடாது. பட்டைக்காரரே கீழ வந்து, கையெழுத்துப் போட்டுக் கழட்டணும். பன்னிரண்டாவது விதி."

நீதிபதி திரும்பவும் இறங்கினார். மேசை இழுப்பறையின் துருப்பிடித்த பூட்டு திறக்க மறுத்ததால் இருபத்திரண்டு நிமிடம் ஆனது. மாடியில் இரண்டாவது தாள் அச்சாகியது. அன்று கறியும் தீர்ந்துவிட்டது.

ஆரின் மூன்று மணிக்கு ஆலையில் இருந்தான். ஆனால் கதை இங்கே முடிந்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்தைத் தெரியாது. அவன் கிளம்பும்போதே லைல் தோளில் தட்டி, "வியாழக்கிழமை ஒன்பது மணி. மறந்துடாதே" என்று சொல்லியிருந்தான்.

மறக்கவில்லை. வியாழன் போனான். லைல் இந்த முறை விசிலடிக்கவில்லை. அந்த நிசப்தம் இன்னும் மோசமாக இருந்தது. முப்பத்தெட்டு நிமிடம். அடுத்த செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் ஆரினின் பெயர் மறுபடியும் இருந்தது. போன தீர்ப்பு போன வியாழனுக்கு மட்டும்தானே.

தாழ்வாரத்தில் லோர்னா படிவத்தை நீட்டினார். "ஒத்துக்கறியா?"

"விசாரணை" என்றான் ஆரின்.

லோர்னா அவனைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து அவன் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். "தள்ளுபடி. போ."

அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. அதற்கடுத்ததும். வியாழக்கிழமை மீறுவான், செவ்வாய்க்கிழமை கோடு விழும். நிலவறைக்குச் சிக்னல் இழுக்கும் கருவி ஒன்று வாங்கலாமா என்று லைல் வாரியத்துக்கு எழுதினான். குற்றவாளிகளுக்குச் சொகுசு செய்துதர மக்கள் வரிப்பணம் இல்லை என்று பதில் வந்தது.

ஆண்டு அறிக்கையில் ஆரினுக்குத் தனிக் கட்டமே போட்டார்கள். மாவட்ட வரலாற்றிலேயே அதிகம் விதி மீறியவன்: இருபத்தாறு முறை. அத்தனையும் 'தீர்க்கப்பட்டவை' என்ற தலைப்பின்கீழ் வந்ததால் வாரியம் மீண்டும் கைதட்டியது.

இருபத்தாறாவது செவ்வாய்தான் அவனுடைய நூற்றெண்பதாவது நாள். காலை எட்டரைக்கு லைல் பட்டையைக் கழற்றினான். கணுக்காலில் தோல் மட்டும் வெளுத்து வளையமாக இருந்தது. கடைசிக் கோட்டை வாங்கிக்கொள்ள ஆரின் தாழ்வாரத்துக்குப் போனான்.

"ஒத்துக்கறியா?"

"விசாரணை."

கோடு விழுந்தது. அவனுக்குப் பின்னால் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஜோலின் மெக்லர்க் நின்றிருந்தாள். அவளும் வியாழக்கிழமைக் கேஸ்தான், இருபத்தாறு நிமிடம். லோர்னா படிவத்தை நீட்டினார்.

ஜோலின் வாங்கவில்லை. "அவர் சொன்னதையே எனக்கும் போட்டுக்கோங்க."

"எதை?"

"விசாரணை."

லோர்னாவின் பேனா கோடு போட இறங்கியது. அதற்குள் ஜோலினுக்குப் பின்னாலிருந்தவன், "எனக்கும்" என்றான். அவனுக்குப் பின்னாலும் ஒரு குரல். வரிசையில் பதினைந்து பேர். அத்தனை பேருக்கும் கோடு போட்டால் அந்த வாரம் சிறைக்கு அனுப்ப ஒருவரும் இருக்க மாட்டார்கள். லோர்னா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். உள்ளே கிறிஸ்துமஸ் மரத்தை இறக்கும் சத்தம் கேட்டது.

ஆரின் சாலையைக் கடந்து எதிரே உள்ள சாப்பாட்டுக் கடைக்குப் போனான். பட்டை கழன்ற காலோடு ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட அவனுக்கு இப்போதுதான் அனுமதி. கூட்டம் நிறைந்திருந்தது. ஜன்னலோரம் மூன்றாவது முக்காலி மட்டும் காலி. அதை விட்டுவிட்டு நான்காவது காலியாகும்வரை நின்று உட்கார்ந்தான். ஒரு கோப்பை காபியை ஒரு மணி நேரம் குடித்தான். மூன்றாவது முக்காலி காலியாகவே இருந்தது. பன்னிரண்டேகாலுக்குக் கடைக்காரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஜட்ஜுக்காக எடுத்து வெச்சேன், ஆளையே காணோம். வேணுமா?"

"குடுங்க."

ஒன்று பத்துக்குக் கதவு திறந்தது. நீதிபதி க்ரைடர் அங்கியைக் கழற்றக்கூட நேரமில்லாமல், வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். பதினைந்தில் நான்குதான் முடிந்திருந்தது. மீதியை இரண்டு மணிக்குத் தொடர வேண்டும். மூன்றாவது முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இருக்கா?"

கடைக்காரி கண்ணாலேயே பக்கத்து முக்காலியைக் காட்டினாள். நீதிபதி திரும்பினார். வெறும் தட்டு. ஓரத்தில் ஒரு பன் துணுக்கு, கொஞ்சம் கடுகுச் சாறு. பிறகு மேலே பார்த்தார். தெரிந்த முகம்.

ஆரின் காகிதக் கைக்குட்டையால் வாயை நிதானமாகத் துடைத்தான்.

"ஒத்துக்கிறேன், யுவர் ஆனர்" என்றான்.